வகுப்பறை போதாது, ஓர் ஓகஸ்ட் மாதம் வேண்டும்

கடுகண்ணாவைக் கணவாயில் ஏறுகிற எவரும் டோசன் கோபுரத்தைப் பார்க்காமல் போக முடியாது. கொழும்பு - கண்டி வீதியை அமைத்த ஆங்கிலப் பொறியியலாளரின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டது. அதே வீதியோரத்தில் பழைய அம்பலம் ஒன்றும் இருக்கிறது. வழிப்போக்கர்கள் சாதி, மொழி பாராமல் ஓர் இரவு தங்கிச் சென்ற மடம் அது. நான் எழுத வந்தது கோபுரத்தைப் பற்றியல்ல; அந்த அம்பலம் நினைவூட்டுகிற ஒரு காரியத்தைப் பற்றி. பிறர் மொழியைக் கற்க விரும்புகிறவர் அவர்களிடையே சில இரவுகளாவது தங்க வேண்டும் என்பதுதான் அது.

பல ஆண்டுகளுக்கு முன், செய்தி சேகரிப்பதற்காக மலையகத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் காத்திருந்தேன். தோட்டத்துப் பெண்ணொருவர் முறைப்பாடு செய்ய வந்திருந்தார். அவர் தமிழில் சொன்னார். அங்கிருந்த ஒருவர் அரைகுறையாக மொழிபெயர்த்தார். உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார். கடைசியில் அந்தப் பெண், தம்மால் வாசிக்க முடியாத தாளில் கையொப்பமிட்டார். அவர் பத்து நிமிடம் அழுது சொன்னது அந்தத் தாளில் ஐந்து வரியாகியிருந்தது. அந்த உத்தியோகத்தர் கெட்டவரல்லர். அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.

சட்டத்தில் குறையில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் செய்த கேட்டைத் திருத்த, 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேருகிறவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை விதித்தது. அதே ஆண்டில் தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவனத்துக்கும் சட்டம் நிறைவேறியது. ஆனால் பரீட்சையில் சித்தியடைந்த உத்தியோகத்தர்கள் பலர், கருமபீடத்தில் தமிழில் ஒரு கேள்வி வந்தால் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

காரணம் எளியது. நாம் கற்பிப்பது எழுத்து மொழியை. சிங்களப் பாடநூல் 'மம யமி' என்று கற்பிக்கும். தெருவில் எல்லாரும் சொல்வது 'மம யனவா'. தமிழ்ப் பாடநூல் 'நான் போகிறேன்' என்னும். தோட்டத்து லயத்தில் அப்படி யாரும் பேசுவதில்லை. இரண்டுமே எழுத்துக்கும் பேச்சுக்கும் நெடுந்தூரமுள்ள மொழிகள். அந்தத் தூரத்தை வகுப்பறையில் கடக்க முடியாது.

இனி வேல்ஸ் நாட்டுக்கு வருவோம். அதன் வடமேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் இடையே நாண்ட் குர்தேர்ன் என்றொரு சிற்றூர் உண்டு. கல்லுடைக்கும் தொழில் நின்றதும் மக்கள் வெளியேற, 1950களின் முடிவில் அது ஆளற்ற ஊராயிற்று. கார்ல் குளோவ்ஸ் என்ற வைத்தியரின் முயற்சியால் 1978இல் ஓர் அறக்கட்டளை அவ்வூரை வாங்கி, இடிந்த வீடுகளைத் திருத்தியது. 1982இல் அங்கே வெல்ஷ் மொழி வகுப்புகள் தொடங்கின. கற்க வருகிறவர்கள் அங்கேயே தங்கி, உண்டு, உலாவி, அந்த மொழியிலேயே நாளைக் கழிக்கிறார்கள். 1967இன் வெல்ஷ் மொழிச் சட்டத்துக்குப் பின் இரு மொழியும் அறிந்த ஊழியர்கள் தேவைப்பட்டனர்; அவர்களை உருவாக்க இடம் வேண்டியிருந்தது. நமக்குச் சட்டம் இருக்கிறது, இடம் இல்லை.

இந்த முறைக்கு முன்னோடி இஸ்ரேலின் 'உல்பான்'. 1949இல் ஜெரூசலத்தில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு எபிரேயத்தைச் சில மாதங்களில் பேசப் பழக்கிய தீவிர வகுப்பு அது. வெல்ஷ்காரர்கள் முறையோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். பேச்சு வழக்கையே முதலில் கற்பிக்கிறார்கள். வடக்கு வழக்குக்கும் தெற்கு வழக்குக்கும் தனித்தனிப் பாடநூல் வைத்திருக்கிறார்கள்.

வகுப்புகள் மட்டும் மொழியைக் காத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2021 குடிசன மதிப்பீட்டில் வெல்ஷ் பேசுவோர் 17.8 வீதம், பத்தாண்டுக்கு முன் 19 வீதம். ஆனால் நமது பிரச்சினை மொழி அழிவதல்ல. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் இருப்பதே. அதற்கு இந்த மருந்து பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிடப் பாடவேளை வாரத்துக்கு இரண்டு என்றால், ஓராண்டில் ஐம்பது மணித்தியாலமளவே தேறும். நாளுக்குப் பத்து மணித்தியாலம் தமிழ் கேட்டுப் பேசும் வீட்டில் நான்கு வாரம் இருந்தால் 280 மணித்தியாலம். ஐந்தாண்டுப் பாடம் ஓர் ஓகஸ்ட் மாதத்தில் முடிந்துவிடும்.

கண்டிச் சுற்றுவட்டாரம் இதற்கு ஏற்ற இடம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் கிராமங்களும், தேயிலைத் தோட்டங்களும், சிங்களக் கிராமங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களம் நன்றாகவே தெரியும். தெரிந்தும் 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஒரு பக்கத்தார் மட்டும் மற்றவர் மொழியை அறிந்திருப்பது போதாது என்பதே நான் அதிலிருந்து கற்ற பாடம்.

ஆகவே என் யோசனை இது. முதலில் இருபது இளம் உத்தியோகத்தர்கள்: பொலிசார், தாதியர், பிரதேச செயலக எழுதுவினைஞர்கள். சம்பளத்தோடு நான்கு வாரம் விடுவிக்க வேண்டும். காலையில் வகுப்பு, பிற்பகலில் சந்தை, தோட்டம், புகையிரத நிலையம், இரவில் தமிழ் பேசும் வீடொன்றில் உணவும் உறக்கமும். விருந்தோம்பும் குடும்பத்துக்கு உரிய பணம் கொடுக்க வேண்டும். இருபது தமிழ் இளைஞர்கள் அதே மாதத்தைச் சிங்களக் கிராமத்தில் கழிக்கட்டும்.

சிங்கள வீட்டில் பிள்ளையைத் தங்கவைப்பது மொழியை இழக்கும் வழி என்று தமிழ்ப் பெற்றோர் அஞ்சலாம். 1956ஐ அறிந்தவன் அந்த அச்சத்தைப் பரிகசிக்கமாட்டேன். ஆனால் திணிக்கப்படுவது வேறு, விரும்பிக் கற்பது வேறு. போவதும் வருவதும் சமமாக இருந்தால் அச்சத்துக்கு இடமில்லை. கைப்பேசியே மொழிபெயர்க்குமே என்பாரும் உண்டு. அழுகிற பெண்ணின் முன் கைப்பேசியை நீட்டும் உத்தியோகத்தரை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத் துரைமாருக்காக அச்சிட்ட தமிழ்க் கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பது. ஏவுவதற்குக் கற்ற தமிழ் அது. நமக்கு வேண்டியது கேட்பதற்குக் கற்கும் தமிழ்.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துவரும் புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நல்லதுதான். ஆனால் பிள்ளையை ஹோட்டலில் வைத்திருந்து திருப்பிக் கூட்டிச் செல்லாமல், ஒரு மாதம் உறவினர் வீட்டில் விட்டுப் பாருங்கள். முதல் வாரம் அழும். நான்காம் வாரம் தமிழில் சண்டை போடும்.

இருபது பேருக்கும் மாத முடிவில் எழுத்துப் பரீட்சை வேண்டாம். தோட்டத்துப் பெண்ணொருவர் தம் குறையைச் சொல்லட்டும். உத்தியோகத்தர் தமிழில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டட்டும். 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று அவர் சொன்னால் சித்தி.