மீனாட்சி அம்மாளின் பெட்டி எங்கே?

கண்டி ஹந்தானையில் தேயிலை நூதனசாலை ஒன்று இருக்கிறது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப் போனோம். பழைய காலத்து இயந்திரங்கள், அவற்றோடு ஜேம்ஸ் டெய்லர் துரையின் ஞாபகப் பொருட்கள். லூல்கந்துரையில் அவர் உட்கார்ந்த கல்லாசனத்தையும் இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். ஊரில் இருந்த குடும்பத்தாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1892இல் இறந்துபோன துரை வீட்டுக்கு என்ன எழுதினார் என்று இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். அதில் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நம்ம ஆளுங்க சாமான் எல்லாம் எங்க வச்சிருக்காங்க?"

நமக்கு உடனே ஞாபகம் வந்தது நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும்தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் கோ. நடேசய்யர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போன கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே சம்மேளனம் தொடங்கினார். பிறகு அட்டன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினரானார். மனைவி மீனாட்சி அம்மாள் பத்திரிகை வேலையில் கூட நின்றார், பாட்டுக் கட்டினார், அதைச் சிறு புத்தகமாக அச்சடித்தார், கூட்டங்களில் தானே பாடினார். எழுத வாசிக்கத் தெரியாத நம் பாட்டிமாருக்கு அந்தப் பாட்டுத்தான் பத்திரிகை.

பத்திரிகையில் அச்சானது எங்காவது ஒரு பிரதியாவது மிஞ்சும். கையால் எழுதியது அப்படியல்ல. அய்யர் சபையில் பேசப் போகும்முன் எழுதிய குறிப்பு, தோட்டங்களிலிருந்து அவருக்கு வந்த முறைப்பாட்டுக் கடிதம், அம்மாள் அடித்துத் திருத்திய பாட்டுத் தாள், இருவரும் எழுதிக்கொண்ட கடிதம் என்று ஒன்றையாவது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நம் பிள்ளைகளுக்குக் காட்ட நாம் போன இடம் எதிலும் முடியவில்லை. அய்யரைப் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறதே, அதற்குப் பெரிய காரணம் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்த சாரல் நாடன். பழைய தாள்களைத் தேடித் தேடி 1988இல் அவர் புத்தகம் போட்டிருக்காவிட்டால், நமக்குப் புடவை வியாபாரி கதை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதிலும் அய்யரைப் பற்றி எழுதக் கிடைத்த அளவு அம்மாளைப் பற்றிக் கிடைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் தோட்டத்திலேயே ஒரு சோடி இருந்தது. அவர் முப்பது வருசம் தலைவர். அந்தம்மா மாதர் சங்கம். பழைய சந்தா அட்டை, வேலைநிறுத்தக் காலத்துத் துண்டுப்பிரசுரம், துரைக்குக் கொடுத்த மனுக்களின் பிரதி எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இருவரும் போன பிறகு பிள்ளைகள் லயத்தைக் காலி செய்து புது வீட்டுக்கு மாறினார்கள். நாம் விசயம் கேள்விப்பட்டுப் போனபோது பெட்டியில் அரிசி இருந்தது. தாள்கள் கரையான் அரித்துவிட்டதாம், அடுப்பில் போட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதை வைத்திருங்கள் என்று சங்கம் ஒருநாளும் அவர்களுக்குச் சொல்லவில்லையே. நாமும்தான் சொல்லவில்லை.

சம்பளத்துக்கே வழியைக் காணோம், இதில் பழைய கடதாசியா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் சனத்தின் தலைவிதி எப்போதும் கடதாசியில்தான் தொங்கியிருக்கிறது. 1921வரை "துண்டு" இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946க்கு முன்பு ஏழு வருசமோ பத்து வருசமோ இங்கேயே இருந்ததை எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுப் போட்டும் ஒன்றரை இலட்சம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. நிராகரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்! இன்றைக்கும் செக்ரோலில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு பெயர் என்று சேமலாப நிதிக்கு அலைகிறவர்கள் நம் லயத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பாவின் பழைய சந்தா அட்டை ஒன்று கைவசம் இருந்தால் அது வெறும் ஞாபகப் பொருள் அல்ல.

ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லக்கூடாது. கம்பளைக்குக் கிட்ட பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தொழிலாளர் நூதனசாலையாக்கி 2007இல் திறந்தார்கள். நம் வீட்டுச் சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நூலகம் நிறுவனம் மலையகப் புத்தகங்களையும் ஆவணங்களையும் கணினியில் ஏற்றி வருகிறது. அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இப்போது வேலை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள். சந்தா அட்டை, சம்பளத் துண்டு, மே தின நோட்டீஸ், இந்தியாவுக்குப் போன சொந்தங்கள் எழுதிய கடிதம், எதுவானாலும் சரி. மூலப்பிரதி யாரும் தர வேண்டாம். போனில் படம் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தருகிறோம். பாஸ்போட், அடையாள அட்டை போன்றவற்றை யாராவது "சங்கத்துக்கு" என்று சொல்லிக் கேட்டு வந்தாலும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

போட்டோ இருந்தால் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பக்கத்தில் நிற்கும் பெண் யார் என்று தெரிந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். "தலைவர் சம்சாரம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.