பல்லாவரத்துக்கு ஏன் நெடில்?

தாம்பரத்தில் கடற்கரை ரயிலைப் பிடித்தால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். ஊரின் பழைய பெயர் பல்லவபுரம். முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. பல்லவனுக்குக் குறில் 'ல' இருக்க, ஊருக்கு மட்டும் 'லா' எப்படி வந்தது?

மாத்திரைக் கணக்கு போட்டால் புரியும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. பல்லவபுரம்: கூட்டினால் 6. பல்லாவரம்: அதுவும் 6! பேச்சில் 'புரம்' தேய்ந்து 'வரம்' ஆனது, காஞ்சிபுரம் காஞ்சிவரம் ஆனதுபோல. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 'வ' வந்ததால் ஒன்று விழுந்தது. அதன் நேரத்தை முன்னால் இருந்த உயிர் வாங்கிக்கொண்டு நீண்டது.

வீட்டுக்குள்ளேயே இதற்குச் சாட்சிகள் உண்டு. பெயர் பேர் ஆனது, பகுதி பாதி, மிகுதி மீதி, பொழுது போது. அகத்துக்காரர்தான் ஆத்துக்காரர். தாத்தாவின் பெயரைத் தாங்கும் பெயரனே பேரன். அதிலும் மூன்றரை மாத்திரை, இதிலும் மூன்றரை. எழுத்து போனாலும் கணக்கு தப்பவில்லை.

லத்தீனிலும் இது நடந்திருக்கிறது. பறவைக் கூட்டுக்கு ஆதியில் 'நிஸ்டோஸ்' என்ற வடிவம் இருந்தது என்பது மொழியியலாளர் முடிவு. 'ஸ்' விழுந்ததும் அது 'நீடுஸ்' ஆனது. அந்த மொழியில் 'மாலும்' என்றால் ஆப்பிள், 'மலும்' என்றால் தீமை. பிற்காலப் பேச்சில் இந்தக் குறில், நெடில் வேறுபாடே மறைந்துபோனது. லத்தீன் வழிவந்த இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் உயிரின் நீளம் பொருளை மாற்றுவதில்லை.

தமிழில் இன்றும் கல் வேறு, கால் வேறு. ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதினால் வித்தியாசம் தெரிவதில்லை. தாம்பரத்தின் ஆங்கிலப் பலகையில் மூன்று இடத்தில் ஒரே உயிரெழுத்து. புதிதாக வந்தவர் 'தம்பரம்' என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றியது. விமர்சனம் எழ, அதே மாதம் ஆணையைத் திரும்பப் பெற்றது.

பலகையை விடுங்கள், வாட்ஸ்அப்பைப் பாருங்கள். "பாடம் முடிந்ததா?" என்று அம்மா ஆங்கில எழுத்தில் கேட்டால், "படம் முடிந்தது" என்று பிள்ளை பதில் போடலாம்! இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு துணைக்கால்தான். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகைக்கு மாறினால் அதுவும் கூடவே வந்துவிடும்.