காவல்காரன் போர்டு மாட்டிய கொக்கைன் கடை

டிஸ்கி: 'துணை ராணுவம்' என்றதும் நம்மூர் சி.ஆர்.பி.எஃப். ஞாபகம் வந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தப் பதிவு, அரசாங்கச் சீருடை இல்லாமல், ஆனால் ராணுவத்தில் சிலர் கண்ணை மூடிக்கொள்ள, சிலர் கையும் கொடுக்க, துப்பாக்கி தூக்கிய தனியார் படைகளைப் பற்றியது. நாடு கொலம்பியா.

'நார்கோஸ்' தொடர் பார்த்த நண்பர்கள் பலர் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள். "போலீஸால முடியாததை ஒரு குரூப் செஞ்சு காட்டுச்சு மச்சி. எஸ்கோபாரையே ஓட விட்டாங்க. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களையும் அவங்கதான் அடக்கினாங்க. எல்லா ஊருக்கும் அப்படி ஒரு படை வேணும்."

சரி. பி.காம். படிக்கிறவனுக்கு முதலில் வரும் கேள்வியைக் கேட்கிறேன். அந்தப் படைக்குச் சம்பளம் கொடுத்தது யார்? கடை வாசலில் என்ன போர்டு மாட்டியிருக்கிறது என்பதை வைத்துத் தொழிலைச் சொல்ல முடியாது. வரவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

கதை 1981-இல் ஆரம்பிக்கிறது. எம்-19 என்ற கொரில்லா அமைப்பு, மெடலின் போதைக் கும்பலின் பெரிய தலைகளான ஓச்சோவா சகோதரர்களின் உடன்பிறந்தவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிணைத்தொகை கேட்டது. உடனே போதை முதலாளிகள் கூடி, காசு போட்டு ஒரு படை அமைத்தார்கள். பெயர் 'மாஸ்'. அர்த்தம், 'ஆள்கடத்துபவர்களுக்கு மரணம்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் வேடிக்கையாக இருக்கிறது: கடத்தல்காரர்களுக்கு மரண தண்டனை கொடுக்கக் கடத்தல்காரர்களே கிளம்பிய கதை!

போதைப் பணத்தில் இவர்கள் ஏக்கர் ஏக்கராக நிலமும் மாட்டுப் பண்ணைகளும் வாங்கினார்கள். நிலம் வந்ததும் கொரில்லாக்களின் வசூல் தொல்லையும் வந்தது. பழைய பண்ணையாரும் புதிய போதைப் பண்ணையாரும் ஒரே பக்கம் சேர்ந்தார்கள். கொள்கைக் கூட்டணி என்கிறார்கள். எனக்குச் சொத்துப் பாதுகாப்புச் செலவாகத்தான் தெரிகிறது.

1993-இல் எஸ்கோபாரை வேட்டையாடிய 'லோஸ் பெபெஸ்' கும்பலில் இருந்தவர்கள் யார்? காஸ்டானோ சகோதரர்கள், எஸ்கோபாரிடமிருந்து பிரிந்த பழைய கூட்டாளிகள். பின்னால் காலி நகரத்துப் போதைக் கும்பலின் பணம். அந்த டிசம்பரில் எஸ்கோபார் செத்தார். கொக்கைன் நின்றதா? 1990-களின் முடிவில் பெருவைத் தாண்டி, உலகிலேயே அதிகமாகக் கோக்கா பயிரிடும் நாடாகக் கொலம்பியா ஆனது. போட்டிக் கடைக்குப் பூட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

1997-இல் கார்லோஸ் காஸ்டானோ பல படைகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து ஏ.யு.சி. என்ற அமைப்பை உருவாக்கினார். பெயரிலேயே 'தற்காப்பு' உண்டு. 2000-இல் இதே காஸ்டானோ டி.வி. பேட்டியில், தங்கள் வருமானத்தில் சுமார் 70 சதவீதம் போதை வியாபாரத்திலிருந்து வருகிறது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். முக்கால்வாசி வருமானம் ஒரே சரக்கிலிருந்து வந்தால், எந்த ஆடிட்டரும் அதைத்தான் பிரதான தொழில் என்று எழுதுவார்.

இவர்கள் ஊர்களைக் 'காப்பாற்றிய' விதத்தையும் பாருங்கள். ஜூலை 1997-இல் மாப்பிரிப்பான். கோக்கா விளையும் பகுதியில் உள்ள ஆற்றங்கரை ஊர். கொலையாளிகள் விமானத்தில் வந்து இறங்கினார்கள், ராணுவம் தடுக்கவில்லை. அரசும் பொறுப்பு என்று 2005-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பிப்ரவரி 2000-இல் எல் சலாடோ. சுமார் 60 பேர் கொல்லப்பட்டு ஊரே காலியானது. அது இருக்கும் மலைப்பகுதி, சரக்கு கரீபியன் கடற்கரைக்குப் போகும் பாதை. விளையும் இடம், ஏற்றுமதியாகும் வழி இரண்டும் கையில் வேண்டும். நடுவில் இருக்கும் மக்கள்தான் இடைஞ்சல்.

சூட் போட்டவர்களும் இதில் உண்டு. வாழைப்பழக் கம்பெனி சிக்கிட்டா, 1997 முதல் 2004 வரை ஏ.யு.சி.க்குச் சுமார் 17 லட்சம் டாலர் கொடுத்ததை 2007-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 2.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி ஜூரி தீர்ப்பு வந்தது எப்போது தெரியுமா? 2024-இல்!

அடுத்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 2003 முதல் 2006 வரை 30,000-க்கும் மேற்பட்டோர் 'ஆயுதம் ஒப்படைத்தார்கள்'. 2005-இல் வந்த சட்டப்படி, எத்தனை படுகொலை செய்திருந்தாலும் உண்மையை ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் 8 ஆண்டு சிறை. இந்தச் சலுகைக்காகச் சுத்தமான போதை வியாபாரிகள் சிலர், காசு கொடுத்து ஒரு படைப்பிரிவையே விலைக்கு வாங்கி 'கமாண்டர்' ஆனார்கள். நாம் புத்தகத்தில் படிக்கிற பிரான்சைஸ் முறைதான்.

மே 2008-இல் சால்வத்தோரே மான்குசோ உட்பட 14 தலைவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். எந்த வழக்குக்காக? கொக்கைன் வழக்குக்காக. படுகொலைகளைப் பற்றி உள்ளூரில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். மகனைப் பறிகொடுத்த தாய், பிணம் எங்கே என்று இனி யாரிடம் கேட்பாள்? சரக்குக்கு இருந்த மதிப்பு அந்தப் பிணத்துக்கு இல்லை.

கடையாவது மூடியதா? ஏ.யு.சி.யின் மிச்சத்திலிருந்து 'கிளான் டெல் கோல்ஃபோ' முளைத்தது. அதன் தலைவன் ஓட்டோனியேலும் பழைய ஏ.யு.சி. ஆள்தான். 2023-இல் அமெரிக்காவில் 45 ஆண்டு தண்டனை. கும்பல் அவனோடு முடிந்துவிடவில்லை.

"ஃபார்க் கொரில்லாக்கள் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அவர்களும் கோக்காவில் வரி வசூலித்தார்கள், ஆள் கடத்தினார்கள், கொன்றார்கள். ஆனால் கொலம்பிய உண்மை ஆணையம் 2022-இல் கணக்கு போட்டது. 1985 முதல் 2018 வரை கொல்லப்பட்டவர்கள் 4,50,664 பேர். இதில் ஃபார்க்கின் பங்கு சுமார் 21 சதவீதம். மக்களைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்ன துணைப்படைகளின் பங்கு சுமார் 45 சதவீதம்.

ஆகவே மச்சிகளே, சட்டத்தால் முடியாததைச் செய்ய ஒரு படை வேண்டும் என்று அடுத்த முறை சொல்வதற்கு முன், அந்தப் படைக்கு யார் படியளப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களிடமும் என்னிடமும் அவ்வளவு காசு இல்லை. இருப்பவன் யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். கையில் கணக்கோடு வாருங்கள்.