திறப்பு விழா அன்னைக்கு ஓடுன சார்ஜர், ராத்திரி 11 மணிக்கும் ஓடணும்!

தோழர்களே, வாடிப்பட்டியில இருந்து எழுதுறேன்.

போன மாசம் ஒரு ராத்திரி, மணி 11. எங்க ஊர் நாலுவழிச் சாலை ஓரத்துல சேலத்து டாக்சி ஒண்ணு நின்னுச்சு. எலெக்ட்ரிக் கார். உள்ளே திருநெல்வேலி கல்யாணத்துக்குப் போற குடும்பம். பேட்டரி 6 சதவீதம். ஆப்ல "சார்ஜர் தயார்"னு பச்சை காட்டுது. நேர்ல பார்த்தா திரையே எரியல. உதவி எண்ணுக்கு அடிச்சா ரிங் மட்டும்தான் போகுது.

கடைசியில எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, ஏசி மாட்டுற 15 ஆம்பியர் பிளக்ல சொருகினோம். நாலு மணி நேரத்துல ஏறினது சுமார் 12 யூனிட். 70, 80 கிலோமீட்டர் ஓடும், அவ்வளவுதான். விடியக்காலம் மதுரை போய், அங்க வேகச் சார்ஜர்ல போட்டுக் கிளம்பினாங்க. முகூர்த்தம் முடிஞ்சு பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தாங்க.

போகும்போது டிரைவர் அண்ணன் சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதான் தம்பி. தவணையும் கட்டிருவேன். இந்த மெஷினைத்தான் நம்ப முடியல."

2022-ல் பாரத் பெட்ரோலியம் சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் வேகச் சார்ஜர் வழித்தடம் தொடங்கியது. 2023 மார்ச்சில் மத்திய அரசு, மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 7,432 நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024-ல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு 2,000 கோடி. நல்ல விஷயம், வரவேற்போம். ஆனா மேடையில பேசுறது எல்லாம் "எத்தனை வச்சோம்"ங்கிற கணக்கு. "இன்னைக்கு எத்தனை ஓடுது"ங்கிற கணக்கை யார் சொல்றது?

இன்ஜினியரிங் படிச்சவனா சொல்றேன், இது பெரிய ராக்கெட் வேலை இல்ல. தூசி அடைச்சா உள்ளே இருக்கிற பவர் மாட்யூல் சூடாகி நின்னுடும். கிராமத்து லைன்ல வோல்டேஜ் இறங்கினா மெஷின் தானா கட் ஆகும். சிம் சிக்னல் போனா பணம் கட்ட முடியாது, சார்ஜும் ஏறாது. பெட்ரோல் பங்க்ல ஒரு பம்ப் ரிப்பேர்னா பக்கத்து பம்ப் இருக்கு, ஆள் இருக்கு. இங்க ஒரே மெஷின், அதைப் பார்க்க ஆளும் இல்ல.

வெளிநாட்டுலயும் இதே கதைதான். 2022-ல் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துல 657 வேகச் சார்ஜர் கன்களைச் சோதிச்சாங்க. நூத்துக்கு 72 தான் வேலை செஞ்சது. அடுத்த வருஷமே அமெரிக்க அரசு, தன் நிதியில வைக்கிற சார்ஜர் 97 சதவீத நேரம் ஓடணும்னு விதி போட்டது. பிரிட்டன் இன்னும் கறார்: வேகச் சார்ஜர்களுக்கு 99 சதவீதம், 24 மணி நேர உதவி எண், தவறினா அபராதம். 97 சதவீதம்னா வருஷத்துக்கு 11 நாள் நிக்கலாம். 99 சதவீதம்னா நாலு நாள்கூட நிக்கக் கூடாது.

நம்ம கோரிக்கை நாலுதான்:

1. மானியத்தில் ஒரு பங்கு, சார்ஜர் ஓடுற நேரத்தைப் பார்த்துத்தான் தரணும்.
2. எந்தச் சார்ஜர் ஓடுது, எது நின்னுபோச்சுங்கிற விவரம் மக்களுக்குத் திறந்திருக்கணும்.
3. நெடுஞ்சாலையில ஒரு இடத்துக்கு ரெண்டு மெஷினாவது இருக்கணும்.
4. தமிழ்ல பேசுற ஆள் எடுக்கிற உதவி எண், 24 மணி நேரமும்.

ஓசூர்ல மின்சார ஸ்கூட்டர், தூத்துக்குடியில மின்சார கார்னு தயாரிக்கிற மாநிலம் இது. வண்டி செய்யத் தெரிஞ்ச நமக்கு, அதுக்குச் சார்ஜ் போட வழி செய்யத் தெரியாதா?

யார் ஆட்சி, யார் திட்டம்ங்கிற சண்டை அப்புறம். இந்த ஞாயித்துக்கிழமை உங்க ஊர் சார்ஜர் கிட்டப் போங்க. ஓடுதா, ஓடலையான்னு பாருங்க. தேதி, நேரத்தோட படம் எடுத்து நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. ஓடுறதையும் சேர்த்தே அனுப்புங்க. கணக்கு நேர்மையா இருந்தாத்தான் கேள்விக்கு பலம்.

#ஓடுறசார்ஜர்வேணும் #வாடிப்பட்டி