புக்கிட் தீமாவில் புதுத் தடங்கள் வேண்டாம்: எங்கள் நடைக்குழுவின் நிலைப்பாடு

சிங்கப்பூரின் இயற்கை வனப்பகுதிகளுக்குள் புதிதாக நடைத்தடங்கள் வெட்ட வேண்டாம். வனப்பகுதிகள் திறந்திருக்கும் நேரத்தையும் நீட்டிக்க வேண்டாம். இருக்கும் தடங்களைச் செப்பனிட அவ்வப்போது மூடினால், வேறு இடம் போய் நடக்கிறோம். ஞாயிறுதோறும் நடக்கிற எங்கள் குழு மூன்று கூட்டங்களில் பேசி, கடைசியில் கைதூக்கி எடுத்த முடிவு இது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டோம். எதிர்த்துக் கைதூக்கியவர்கள் இன்னும் எங்களோடுதான் நடக்கிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்துக்கும் இந்த அறிக்கையில் இடம் இருக்கிறது.

நடக்கிறவர்களே நடக்க இடம் வேண்டாம் என்பது வேடிக்கையாகத் தெரியலாம். காரணம் எங்கள் காலடியிலேயே இருக்கிறது.

மழை விட்ட ஒரு காலை. மண் தடத்தின் நடுவே இரண்டடிக்குச் சேறு. முதலில் வருகிறவர் புதுக் காலணி போட்டிருக்கிறார். ஓரத்துச் சருகில் கால் வைத்துத் தாண்டிப் போகிறார். அங்கே இரண்டு இலை விட்டு நின்ற மரக்கன்று ஒன்று மடங்குகிறது. பத்தாவது ஆள் வரும்போது அந்த ஓரமும் சேறாகிவிட்டது. அவர் இன்னும் ஒரு முழம் தள்ளிக் கால் வைக்கிறார். மழைக்காலம் முடிவதற்குள் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை ஆகிவிடுகிறது. மிதிபட்ட மண் இறுகிப்போகிறது. அதற்குள் தண்ணீர் இறங்குவதில்லை. சரிவில் ஓடி, மேல்மண்ணை வழித்துக்கொண்டு போகிறது. பிறகு வேர்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். பட்டை உரிந்து, கோயில் வாசற்படி போல வழவழத்துக் கிடக்கும் வேர்களைப் பார்க்காத நடையர் யாரும் இங்கே இருக்க முடியாது. எங்களில் பலர் அவற்றைப் படிக்கட்டாகப் பயன்படுத்துகிறோம், 'வசதியாக இருக்கிறது' என்றுகூடச் சொல்லியிருக்கிறோம்.

வழிந்தோடும் மண் ஓடையில் சேருகிறது. புக்கிட் தீமா வட்டாரத்துச் சிற்றோடைகளில் சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர் நண்டு வாழ்கிறது. ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்று அதற்கு அறிவியல் பெயர். 1986இல்தான் அதைத் தனி இனமாக அடையாளம் கண்டார்கள். வளர்ந்த நண்டின் ஓடே மூன்று சென்டிமீட்டர்தான். கல்லிடுக்கில் கிடந்தால் கண்ணில் படாது. அது அருகிப்போனதற்கு நம் காலடி மண்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஓடை நீரில் அமிலத்தன்மை கூடியதையும் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். ஆனால் உலகத்துக்கே இந்தச் சில ஓடைகளில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஓர் உயிரின் வீட்டுக்கு மேலே இன்னொரு பாதை போடுங்கள் என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

காடு பெரிதாக இருந்தால் பேச்சு வேறு. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் பரப்பு 163 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் சுமார் 400. ஊர்ப்பக்கம் ஒரு நடுத்தர ஏரி இவ்வளவு இருக்கும். 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்ததும் மத்திய நீர்ப்பிடிப்பு வனத்திலிருந்து இது துண்டானது. 2013இல் அந்தச் சாலைக்கு மேலே விலங்குகளுக்கென்றே 62 மீட்டர் நீளத்துக்கு மரம் செடி நட்ட பாலம் ஒன்று கட்டினார்கள். எறும்புதின்னிகள் அதைக் கடந்து போவது பதிவாகியிருக்கிறது. அதில் நமக்கு நடக்க அனுமதி இல்லை. இதுவரை யாரும் அதைக் குறையாகச் சொல்லி நாங்கள் கேட்டதும் இல்லை. மனிதர் போகக்கூடாத இடம் ஒன்று இருக்கலாம் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. பக்கத்து வனத்திலோ, குறுக்குத் தீவு ரயில் பாதையையே 70 மீட்டர் ஆழத்தில் கொண்டுபோவது என்று 2019இல் முடிவானது. ரயிலுக்கே அந்த நிபந்தனை என்றால், நாம் சேற்றில் கால் வைத்து நேராக நடப்பது அப்படி ஒன்றும் பெரிய காரியமில்லை.

மூடுவதைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2014 செப்டம்பரில் சரிவுகளை உறுதிப்படுத்தவும் தடங்களைச் சீர்செய்யவும் புக்கிட் தீமாவை மூடியபோது, உரக்க முணுமுணுத்தவர்களில் நாங்களும் உண்டு. முழுமையாகத் திறந்தது 2016 அக்டோபரில். இரண்டு வருஷம்! இடையில் வார இறுதியில் மட்டும் உச்சிக்குப் போகும் சாலையில் ஏற முடிந்தது. திரும்பிப் போனபோது, முன்பு வழுக்கிய இடங்களில் தரையிலிருந்து உயர்த்திப் போட்ட பலகைப் பாதை இருந்தது. வேரும் சருகும் ஊர்வனவும் அடியில் தம்பாட்டில் இருந்தன, நாங்கள் மேலே நடந்தோம். கைப்பிடிக்கு அப்பால், நாங்கள் மிதித்து மொட்டையாக்கிய மண்ணில் பெரணி தழைத்திருந்தது. முணுமுணுத்ததற்காக யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

இனி எதிர்த்தரப்பு. எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "எனக்கு முட்டிவலி. மருத்துவர் நடக்கச் சொல்கிறார். கான்கிரீட்டில் நடந்தால் வலி கூடுகிறது. நான் எங்கே போவது?" வாரத்தில் ஆறு நாள் வேலை பார்க்கும் ஊழியர் ஒருவர், ஞாயிறு ஒரு நாள்தான் தனக்கு மரம் தெரிகிறது, அன்றைக்கும் கூட்டத்தில் வரிசையாக நடக்கவேண்டியிருக்கிறது என்றார். சுமார் 60 லட்சம் பேர் நெருங்கி வாழும் தீவில் இதை ஆடம்பரக் கோரிக்கை என்று தள்ள முடியாது. இயற்கையைக் காப்பது என்ற பெயரில் காட்டைச் சிலருடைய தனிச்சொத்தாக ஆக்குவதை நாங்களும் ஏற்க மாட்டோம்.

இதற்கு எங்கள் பதில், விளிம்பை விரிவாக்குங்கள், உள்ளே கை வைக்காதீர்கள் என்பது. வனப்பகுதிகளைச் சுற்றி அரணாக இயற்கைப் பூங்காக்களை அமைக்கும் வேலையைத் தேசியப் பூங்காக் கழகம் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. டெய்ரி ஃபார்ம், ஹிண்ட்ஹீட், விண்ட்சர், தாம்சன் என்று வரிசை நீளும். 81 ஹெக்டேர் செஸ்ட்நட் பூங்காவில் நடப்பவர்களுக்கும் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் தனித்தனித் தடங்கள் உண்டு. 2022இல் ரைஃபிள் ரேஞ்ச் பூங்கா வந்தது. இவை தவிர, 2011 ஜூன் கடைசியில் ரயில் ஓய்ந்துபோன 24 கிலோமீட்டர் ரயில் தடம் இருக்கிறது. மேடுபள்ளம் அதிகம் இல்லாத அந்தத் தடத்தில் ஓடவும் சைக்கிள் விடவும் தாராளமாக இடம் உண்டு. முட்டிவலிக்கார அம்மாவுக்கும் அதுதான் சரிப்பட்டது. (அந்த ரயிலில் வேலை பார்த்த தமிழர்களை நினைத்துக்கொண்டு நடப்பது எங்களுக்குக் கூடுதல் சுகம்.)

ஆனால் இந்த விளிம்புப் பூங்காக்களில் பலவற்றுக்குப் போய்ச் சேருவது காரில் வருகிறவர்களுக்குத்தான் சுலபமாக இருக்கிறது. அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பது இங்கேதான்: பேருந்து நிறுத்தத்திலிருந்து நுழைவாயில் வரை நிழல், குடிதண்ணீர், கழிப்பறை, முதியவர் உட்கார இடம், சக்கர நாற்காலி போகக்கூடிய ஒரு சுற்று. காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் புதுத் தடம் போடும் பணத்தை இதற்குச் செலவழியுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். வனப்பகுதி காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகிறது. வெயிலுக்கு முன்னால் நடந்துவிட ஆறு மணிக்கே திறக்கலாமே என்று எங்களிலேயே பாதிப்பேர் கேட்டார்கள். இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில்தான். ஆறு மணிக்குப் போனால் தலையில் விளக்கு கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். எறும்புதின்னி இரவில் இரை தேடும் உயிர். காட்டுக்கு மிஞ்சியிருக்கிற அந்தக் கடைசி இருட்டிலும் நாம் விளக்கோடு நுழைய வேண்டாம். அவசரப்படுகிறவர்கள் ரயில் தடத்துக்குப் போகலாம்.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள்மேல் எங்களுக்குப் பகை இல்லை. அவர்களுக்கென்று உள்ள தடத்தில் அவர்கள் ஓட்டட்டும். நடைத்தடத்தில் சைக்கிள் வந்தால் சண்டை போடுகிற எங்கள் ஆட்கள், சைக்கிள் தடத்தில் மூன்று பேராக வரிசை கட்டி நடந்து கதை பேசுவதையும் விடவேண்டும்.

கிளமெண்டி காட்டு விவகாரத்தையும் சொல்லவேண்டும். கொவிட் எல்லைகளை மூடியிருந்த காலம். ஜொகூருக்குக்கூடப் போக முடியாமல் எல்லாரும் பசுமையைத் தேடிக்கொண்டிருந்தபோது, 2021 தொடக்கத்தில் அந்தக் காட்டின் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. ஒழுங்கான தடமே இல்லாத இடத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். நாங்களும் போனோம். படம் எடுத்தோம், போட்டோம், வழி கேட்டவர்களுக்கு வழி சொன்னோம். அடுத்த வாரம் போனபோது, எங்கள் படத்தைப் பார்த்து வந்த ஒரு குடும்பத்தைச் சேற்றில் சந்தித்தோம். நாங்கள் விலகி நடந்த அதே இடத்தில் அவர்களும் விலகி நடந்துகொண்டிருந்தார்கள். அதிகாரபூர்வமல்லாத தடங்களின் இடக்குறிப்பைக் குழுவின் பெயரில் இனி எங்கும் பகிரமாட்டோம். வனப்பகுதிகளில் தடம் மாறினால் 2,000 வெள்ளி வரை அபராதம் என்பது தெரியும். அபராதத்துக்குப் பயந்து எடுத்த முடிவு இல்லை இது.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எங்களுக்குள் அதிகக் கூச்சல். நடை முடிந்ததும் இட்லி, வடை, சட்னி என்று உட்காருவது பல வருஷப் பழக்கம். பிளாஸ்டிக் பையின் சரசரப்புக் கேட்டாலே நீள்வால் குரங்கு மரத்திலிருந்து இறங்கிவருவதற்கு யாரோ பழக்கியிருக்கிறார்கள். அந்த யாரோவில் நாங்களும் உண்டு. வனவிலங்குக்கு உணவூட்டினால் முதல் முறை 5,000 வெள்ளி வரையும் மறுமுறை 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்க 2020 முதல் சட்டத்தில் இடம் இருக்கிறது. குரங்கு கடித்தால் பழி குரங்குமேல் விழுகிறது, புகார் போகிறது, பொறி வைக்கச் சொல்கிறார்கள். இனி காட்டுக்குள் உணவு எடுத்துவரக்கூடாது, தண்ணீர் மட்டும். இட்லி காப்பிக்கடையில்.

எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு அணியில் பத்துப் பேருக்கு மேல் கிடையாது. பாட்டுப்பெட்டி கிடையாது. சேறு வந்தால் சேற்றிலேயே கால் வைக்கவேண்டும். காலணியைக் கழுவ வீட்டில் குழாய் இருக்கிறது. முந்தின இரவு பலத்த மழை பெய்தால் புக்கிட் தீமா நடை தானாக ரத்து.

கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். போன ஞாயிறு அப்படி ரத்தானதும், நாற்பது பேர் வரவேண்டிய இடத்தில் பதினோரு பேர்தான் ரயில் தடத்துக்கு வந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேர் இந்த முடிவை எதிர்த்துக் கைதூக்கியவர்கள்.