அலைன்மெண்ட் பண்ணியாச்சு, அப்புறமும் டயர் ஏன் தேயுது?

காருக்கு என்ன கோளாறுன்னாலும் நம்ம ஊர்ல ஒரே வைத்தியம்தான். "அலைன்மெண்ட் பாத்துடுங்க சார்." ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குதா, அலைன்மெண்ட். எண்பதுல போனா வண்டி நடுங்குதா, அதுக்கும் அலைன்மெண்ட் (அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் சமாச்சாரம், சொன்னா யாரு கேக்கறா). டயர் ஒரு பக்கமா தேஞ்சா கேக்கவே வேணாம். ஐநூறு ரூபாயைக் கட்டி, மெஷின்ல ஏத்தி, பச்சை பச்சையா நம்பர் போட்ட பேப்பரை வாங்கிட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்துடறோம்.

என் கட்சி வேற. டயரைக் கையால தடவிப் பாக்காம வண்டியை அலைன்மெண்ட் மெஷின்ல ஏத்தறது வெட்டிச் செலவு. சில நேரம் ஆபத்தும் கூட. ஏன் ஆபத்துன்னா, அந்தப் பச்சைப் பேப்பர் நம்மளைத் தூங்க வச்சிடும்.

ஒரு கார்த்திகை தீபத்துக்கு பெங்களூர்லேர்ந்து எங்க சகலை குடும்பத்தோட திருவண்ணாமலைக்கு வந்திருந்தார். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியா கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கரெக்டா அலைன்மெண்ட் பாக்கற மனுஷன், ரசீதெல்லாம் ஃபைல்ல போட்டு வச்சிருப்பார். வண்டியை வாசல்ல நிறுத்தினப்போ முன் டயர் பார்க்க ஜோராதான் இருந்தது. எனக்கு ஒரு பழக்கம், யார் வண்டி வந்தாலும் டயரைத் தடவிப் பாக்கறது (வீட்டுல இதுக்கு தனியா திட்டு உண்டு). ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு வச்சுட்டு உள்பக்க ஓரத்துல கையை விட்டா சுருக்குன்னு குத்திச்சு. ரப்பர் தீர்ந்து உள்ளே இருக்கற கம்பி வெளியே வந்திருக்கு. ரெண்டு முன் டயருமே அப்படித்தான். அந்த டயர்ல, பின் சீட்ல ரெண்டு குழந்தைங்களை வச்சுக்கிட்டு, நூறுல வந்திருக்கார்.

"போன மாசம்தானேங்க அலைன்மெண்ட் பண்ணேன்"னு அவர் பேப்பரைக் காட்டினார். பேப்பர் பொய் சொல்லலை. எல்லாம் பச்சைதான். ஆனா அது வண்டி நிக்கும்போது எடுத்த கணக்கு. எங்க தெரு மெக்கானிக் வண்டியை ஜாக்கி போட்டு, சக்கரத்தை ரெண்டு கையால பிடிச்சு இப்படியும் அப்படியும் ஆட்டினார். கடகடன்னு ஆடுது. லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சு, டை ராடு எண்ட் லூஸ். நிக்கும்போது ஒழுங்கா இருக்கற சக்கரம் பிரேக் போட்டா, பள்ளத்துல விழுந்தா, வெளிப்பக்கமா விலகிக்குது. இதை எத்தனை தடவை மெஷின்ல ஏத்தினாலும் பச்சைதான் காட்டும். புஷ்ஷும் டை ராடு எண்டும் மாத்திட்டு, அப்புறம் பண்றதுதான் அலைன்மெண்ட்.

சரி, டயர் என்ன சொல்லுதுன்னு பாப்போம். நடுவுல மட்டும் தேஞ்சா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நல்லா இருந்தா காத்து கம்மி. இந்த ரெண்டுக்கும் அலைன்மெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்கு, டயர் சூடாறதுக்கு முன்னாடி காத்து பிடிச்சா போதும். அங்கங்க குழி குழியா, திட்டுத் திட்டா தேஞ்சிருந்தா ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்க. ஒரே ஒரு டயர்ல, ஒரே ஓரம் மட்டும் வழவழன்னு தேஞ்சா கேம்பர், அதாவது சக்கரம் தலை சாஞ்சு நிக்குது. நம்ம சின்ன கார்கள் பலதுல கேம்பரைத் திருகி சரி பண்ண வழியே கிடையாது. அது சிவப்பு காட்டினா எதுவோ வளைஞ்சிருக்கு, இல்ல தேஞ்சிருக்குன்னு அர்த்தம். "அதெல்லாம் அட்ஜஸ்ட் ஆயிடும் சார்"னு ஒரு கடையில சொன்னாங்க. என்னத்தைன்னு கேட்டேன், பதில் இல்லை.

மிச்சம் டோ. ரெண்டு பாதத்தையும் உள்பக்கமா திருப்பி நின்னா டோ-இன், வெளிப்பக்கமா திருப்பினா டோ-அவுட், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க மெஷினே வேணாம். டயரோட குறுக்கே, வெளி ஓரத்துலேர்ந்து உள் ஓரத்துக்குத் தடவுங்க, அப்புறம் திருப்பித் தடவுங்க. உள்ளே போறப்போ வழவழ, வெளியே வர்றப்போ ரம்பம் மாதிரி சொரசொரன்னா டோ-இன் அதிகம். உல்ட்டாவா இருந்தா டோ-அவுட். ஒரு சக்கரம் ஒரே ஒரு டிகிரி திரும்பி ஓடினா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 17 மீட்டர் பக்கவாட்டுல இழுபடுது. நம்ம கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரு சுத்து வந்தா அந்த டயரை 240 மீட்டருக்கு மேல தார் ரோட்டுல குறுக்கே தரதரன்னு இழுத்த கணக்கு. வேற யாரும் வேணாம் அதைத் தேய்க்க.

கிரிவலம்னதும் ஞாபகம் வருது. ஒரு ஆட்டோக்காரர் எங்கிட்ட சத்தியமே பண்ணார். "மலையை எப்பவும் வலமாவே சுத்தறோம் சார், அதான் இடது டயர் சீக்கிரம் போவுது." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 14 கிலோமீட்டர்ல மொத்தமா ஒரே ஒரு முழுத் திருப்பம்தான். கோயிலைச் சுத்தி நாலு மாட வீதியில ஒரு ரவுண்டு போனாலும் அதே முழுத் திருப்பம், அதுவும் நாலு வெட்டு வளைவுல. அவர் டயர்ல காத்தே இல்லைங்கறது வேற விஷயம்.

அதே மாட வீதியில தீபத் திருவிழா ஏழாம் நாள் பஞ்ச ரதம் ஓடும். பெரிய தேருக்கு ஸ்டீயரிங்கே கிடையாது. சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்பணும், நிறுத்தணும். முட்டுக்கட்டை போடறவங்க கோபுரத்தைப் பாக்கறதில்லை, கலசத்தைப் பாக்கறதில்லை. அவங்க கண்ணு முழுக்க சக்கரம் தரையைத் தொடற இடத்துலயே இருக்கும். கம்ப்யூட்டர் ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு இருக்கற கடைப் பசங்களை ஒரு தடவை கூட்டிட்டுப் போய் காட்டணும்.

எல்லாப் பழியும் கடைக்காரர் மேல போடறதும் நியாயம் இல்லை. பௌர்ணமிக்கு வர்ற வண்டிகளைப் பாருங்க. இடம் கிடைக்கலைன்னு நடைபாதை விளிம்புல ஏத்தி, கல்லுல இடிச்சு நிறுத்தறோம். அந்த ஒரு இடிக்கே டோ மாறிடலாம். அப்புறம் நம்ம வேகத்தடைகள். இந்திய சாலை காங்கிரஸ் 1988லயே எழுதி வச்சிருக்கு, 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகத்துல அலுங்காம ஏறி இறங்கணும்னு. நம்ம தெருக்கள்ல இருக்கறது வேகத்தடையா, வரப்பா? வெள்ளைப் பெயிண்ட்டும் கிடையாது.

அடுத்த தடவை கடைக்குப் போனா மூணு விஷயம் கவனிங்க. முதல்ல காத்து செக் பண்றாங்களா, சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாக்கறாங்களா, பண்றதுக்கு முன்னாடி எடுத்த அளவையும் பேப்பர்ல தர்றாங்களா. ரெண்டாவதைச் செய்யாம நேரா சென்சாரை மாட்டினா வண்டியை வெளியே எடுத்துடுங்க. வண்டி லேசா இடது பக்கம் போகுதுன்னு பதறவும் வேணாம். தண்ணி வடியறதுக்காக ரோடே ஓரத்தைப் பாத்து சரிஞ்சுதான் இருக்கும். சந்தேகமா இருந்தா முன் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் பாருங்க (ஓடற திசை அம்புக்குறி போட்ட டயர்னா கூடாது). இழுப்பும் சேர்ந்து பக்கம் மாறினா கோளாறு டயர்ல, அலைன்மெண்ட்ல இல்லை.

டயர் பள்ளத்துக்குள்ள குட்டி மேடு மேடா இருக்கும் பாருங்க, அதோட உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டா மாத்தியே ஆகணும், அது உள் ஓரமா இருந்தாலும் சரி. சகலைக்கு அன்னிக்கு ராத்திரி ஒரு சக்கரத்துக்காவது ஸ்டெப்னியைப் போடலாம்னு டிக்கியைத் திறந்தோம். (வேல்ஸ் நாட்டுல லனெல்லிங்கற ஊர்ல ஸ்டெப்னி தெருன்னு ஒண்ணு, நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கே உபரிச் சக்கரம் வித்தாங்க, அந்தப் பேரை நாம இன்னும் விடலை.) அதுல காத்து சுத்தமா இல்லை.