கன்றுக்குப் பரிசு சரி... வளர்த்த பிள்ளைக்கு?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஊர்க்காரர்களுக்கு நெல்லும் மாடும்தான் பிழைப்பு. இந்த மாதிரி ஊர்களுக்கு அவ்வப்போது கால்நடை மருத்துவ முகாம் வரும். 2000-ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடைப் பாதுகாப்புத் திட்டம் பழக்கிவிட்ட ஒன்று இது. தடுப்பூசி, குடற்புழு மருந்து, சினைப் பரிசோதனை என்று எல்லாம் நடக்கும். கூடவே கன்று பேரணியும் உண்டு. பேரணி என்றதும் கொடி, கோஷம் என்று நினைத்துவிட வேண்டாம்! கிடேரிக் கன்றுகளைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்து வரிசையாக நிறுத்துவார்கள். நன்றாக வளர்ந்தவற்றுக்குப் பரிசு.

சரி, அந்தக் கன்றை வளர்த்தது யார்? பல வீடுகளில் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பெண்ணோ பையனோதான். கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நடுராத்திரியில் ஈன்றாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுவது அந்தப் பிள்ளை. மண் தின்னாமல் பார்ப்பது, உண்ணி பிடுங்குவது, கழிச்சல் கண்டால் முதலில் கவனிப்பது, "அப்பா, கன்றுக்கும் கொஞ்சம் பால் விடு" என்று கறக்கும்போது சண்டை போடுவது எல்லாம் அதே பிள்ளை. ஆனால் பரிசுக்கு மைக்கில் கூப்பிடும் பெயர் பெரும்பாலும் அப்பாவுடையது. மாட்டின் காதில் மாட்டும் மஞ்சள் வில்லைக்கு 12 இலக்க எண் உண்டு. அதனோடு உரிமையாளர் விவரமும் பதிவாகும். வளர்த்தவருக்கு மட்டும் எங்கேயும் ஒரு வரி இல்லை.

பக்கத்து உத்திரமேரூரில் 921-ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டு, 35 வயது ஆகாதவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்கிறது. ஊர்ச் சபைக்கு அது பொருந்தலாம். கன்றுக்குமா?

அமெரிக்காவில் 1902-இல் ஓஹியோ மாநிலத்தில் தொடங்கிய சிறுவர் விவசாயக் குழுதான் பின்னாளில் 'ஃபோர் ஹெச்' என்ற பெரிய இயக்கத்தின் தொடக்கமானது. அதில் சேர்ந்த பிள்ளைகள் ஆடு, மாடு, பன்றி வளர்த்து மாவட்டச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். தீவனச் செலவை நோட்டில் எழுதி வைக்கிறார்கள். அங்கே பிராணிக்கு ஒரு போட்டி, அதை நடத்திக் காட்டும் பிள்ளைக்குத் தனியாக இன்னொரு போட்டி. இந்த இரண்டாவதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

'படிக்கிற பிள்ளையை மாட்டோடு கட்டிவிடுவதா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வேலை இப்போதே நடந்துகொண்டுதான் இருக்கிறது, பெயர் இல்லாமல். பெயர் எழுதினால் வேலை கூடப் போவதில்லை. கேரளத்தில் குட்டி விவசாயிகளுக்கு அரசு விருதே கொடுக்கிறது. அப்படி விருது வாங்கிய இடுக்கி மாவட்டத்து மாணவன் ஒருவனின் 13 மாடுகள், 2023 கடைசி நாளன்று மரவள்ளித் தோல் விஷத்தால் செத்துப்போயின. இரண்டே நாளில் அமைச்சர் வீட்டுக்கு வந்தார், உதவியும் வந்தது. மாடு வளர்ப்பது அந்தப் பையன்தான் என்று நாட்டுக்கே தெரிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2022-இல் கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா சந்தையில் 9 வயதுச் சிறுமி வளர்த்த 'சிடார்' என்ற ஆடு 902 டாலருக்கு ஏலம் போனது. ஆட்டைக் கறிக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பணம் கட்டித் தருகிறோம் என்று தாய் சொல்லியும் சந்தைக்காரர்கள் கேட்கவில்லை. போலீசார் நூற்றுக்கணக்கான மைல் போய் ஆட்டைப் பிடித்துவந்தார்கள், ஆடு வெட்டப்பட்டது. வழக்கு நடந்து 2024-இல் 3 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். ஆடு வருமா?

நம் ஊரில் போலீசெல்லாம் தேவையில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் தரகர் வந்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, கன்றை ஓட்டிப் போய்விடுவார். சாயங்காலம் வெறும் முளைக்குச்சிதான் இருக்கும். காளைக் கன்று என்றால் இன்னும் சீக்கிரம். அது பேரணிக்கே வருவதில்லை. கடனும் வட்டியும் இருக்கிற வீட்டில் விற்காதே என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வளர்த்த பிள்ளையிடம் முதல் நாள் ராத்திரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விற்கலாம். சான்றிதழில் அதன் பெயர் இருந்தால், சொல்லாமல் விற்க அப்பாவுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

கால்நடைத் துறைக்கு இதில் பெரிய செலவு இல்லை. பரிசுச் சான்றிதழில் 'உரிமையாளர்' என்பதற்குக் கீழே 'வளர்த்தவர்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். கூடவே முகாமை ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும். மற்ற நாளில் வைத்தால், கன்று வரிசையில் நிற்கும்போது அதை வளர்த்த பிள்ளை வகுப்பில் அல்லவா உட்கார்ந்திருக்கும்!